வளைந்த பரப்பில் துல்லியமான அச்சு: ரோபோவுக்குத் தேவைப்படுவது கையா, கண்ணா?

பத்திரிகையின் வர்ணப் பக்கத்தைப் புரட்டும் வாசகர்கள் எப்போதாவது ஒரு குறையை அவதானித்திருப்பார்கள். புகைப்படத்திலுள்ளவரின் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு விலகிக் கன்னத்தில் படிந்திருக்கும். தலைப்பு எழுத்துகளுக்கு இல்லாத நிழலொன்று முளைத்திருக்கும். நீலம், மெஜென்டா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளும் நான்கு வெவ்வேறு தகடுகளிலிருந்து ஒன்றன் மேல் ஒன்றாகத் தாளில் பதிகின்றன. அவற்றுள் ஒன்று அரை மில்லிமீற்றர் விலகிவிட்டாலே படம் கலங்கிவிடுகின்றது. இதனைக் கண்டறிவதற்காகவே பக்கத்தின் ஓரத்தில் கூட்டற் குறி போன்ற சிறு அடையாளங்களும் வர்ணப் புள்ளிகளும் அச்சிடப்படுகின்றன. இயந்திரத்தின் அருகில் நிற்கும் ஊழியர் முதற் பிரதிகளைக் கையிலெடுத்து, உருப்பெருக்குக் கண்ணாடியினூடாக அக்குறிகளை நோக்கி, இயந்திரத்தைச் சீர்செய்கின்றார்.

இத்தனை கவனமும் உருளைகளுக்கிடையே இறுகப் பிடிக்கப்பட்ட தட்டையான தாளுக்கே தேவைப்படுகின்றது. அத்தாளுக்குப் பதிலாகக் காரொன்றின் வளைந்த கூரையோ, விமானத்தின் வாற்பகுதியோ, உதைபந்தோ, தலைக்கவசமோ முன்னால் வைக்கப்பட்டால் என்ன நிகழும்? காரையும் விமானத்தையும் உருளைகளுக்கிடையே செலுத்த முடியாது. பொருள் அசையாது நிற்க, அச்சுத் தலையே அதன் மீது ஊர்ந்து செல்ல வேண்டும். அவ்வாறு அச்சுத் தலையைச் சுமந்து செல்லும் பணி இன்று ரோபோக் கரங்களிடம் ஒப்படைக்கப்பட்டு வருகின்றது. பல தசாப்தங்களாகத் தகடுகளை உருக்கி ஒட்டவும் வர்ணம் தூவவும் பழகிய இக்கரங்கள் படம் அச்சிடும் வேலையில் தடுமாறுவது ஏன் என்பதும், அத்தடுமாற்றம் எவ்வாறு களையப்பட்டு வருகின்றது என்பதும் தொழில்நுட்பத் துறையினர் மட்டுமன்றிப் பொது வாசகர்களும் அறிந்திருக்க வேண்டிய விடயங்களாகும்.

துளியும் பட்டையும்

இங்கு பயன்படுவது வீடுகளிலும் அலுவலகங்களிலும் காணப்படும் இன்க்ஜெட் அச்சு முறையின் வளர்ச்சியே ஆகும். அச்சுத் தலையில் நுண்துவாரங்கள் வரிசையாக அமைந்திருக்கும். தொழிற்சாலைகளில் பயன்படும் தலைகள் பலவற்றில், மின்னழுத்தம் கொடுக்கப்படும்போது உருவம் சற்றே மாறும் ஒருவகைப் பீங்கான் பொருள் ஒவ்வொரு துவாரத்தின் மை அறையோடும் இணைக்கப்பட்டுள்ளது. படிகங்களை அழுத்தும்போது அவற்றில் மின்னேற்றம் தோன்றுவதை 1880 இல் பிரான்சின் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். அதன் மறுதலையான விளைவே இங்கு பயன்படுகின்றது. மின்னழுத்தம் மாறும் கணத்தில் பீங்கான் அசைந்து மையைத் தள்ள, ஒரு துளி வெளியே பாய்கின்றது.

அத்துளியின் அளவை எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது. 10 பிக்கோலீற்றர் கொண்ட துளியொன்றின் விட்டம் ஏறத்தாழ 0.027 மில்லிமீற்றர். ஒரு மில்லிலீற்றர் மையிலிருந்து இத்தகைய துளிகள் பத்துக் கோடியை உருவாக்கலாம். பரவலாகப் பயன்படும் தலையொன்றில் சுமார் 70 மில்லிமீற்றர் அகலத்தில் 1000 துவாரங்கள் உள்ளன. அதாவது அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கிடையிலான தூரம் 0.07 மில்லிமீற்றர் மாத்திரமே.

ஒரு மீற்றர் அகலமான பரப்பை இத்தகைய தலையால் ஒரே வீச்சில் அச்சிட முடியாது. சுவருக்கு வெள்ளையடிப்பவர் தூரிகையைப் பட்டை பட்டையாக இழுப்பது போல, ரோபோவும் பதினைந்து பட்டைகளாகப் படத்தை அச்சிட வேண்டியுள்ளது. பட்டைகள் பதினைந்து எனில் அவை ஒன்றையொன்று தொடும் எல்லைகள் பதினான்கு. வெள்ளையடிப்பவர் ஒரு பட்டையின் மேல் மற்றொன்றைச் சற்று ஏற்றி அடித்தால் குற்றமில்லை. படத்தில் அவ்வாறு செய்தால் எல்லையில் கரிய கோடு தோன்றும். இடைவெளி விட்டால் வெள்ளைக் கோடு தோன்றும். ரோபோ அச்சின் துல்லியம் பற்றிய பிரச்சினை முழுவதும் இந்தப் பதினான்கு எல்லைகளிலேயே தங்கியுள்ளது எனக் கூறினால் அது பெரிதும் மிகையாகாது.

மனிதக் கண் இவ்விடயத்தில் மிகக் கண்டிப்பானது. சாதாரண பார்வையுடைய ஒருவர் 30 சென்ரிமீற்றர் தொலைவில் ஏறத்தாழ 0.09 மில்லிமீற்றர் இடைவெளியைப் பிரித்தறிய வல்லவர். ஒரு கோட்டின் இரு துண்டுகள் ஒன்றுக்கொன்று சற்று விலகி நிற்கின்றனவா என்பதை அறிவதில் கண்ணின் திறன் இதனிலும் பன்மடங்கு நுண்மையானது. ஆகவே ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு தவறையும் அருகில் நின்று பார்ப்பவர் கண்டுபிடித்து விடுவார்.

ஒழுங்கு வேறு, இலக்கு வேறு

முதலாவது தொழிற்சாலை ரோபோவான யுனிமேட் 1961 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலிருந்த ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிற்சாலையில் பணிக்கமர்த்தப்பட்டது. அன்று தொட்டு இவ்வியந்திரங்கள் பெரிதும் போற்றப்பட்டது ஒரு குணத்துக்காகவே. ஒருமுறை கற்பித்த அசைவைச் சலிப்பின்றி, மாற்றமின்றி, ஆயிரம் முறை செய்து காட்டும் ஆற்றலே அது. தொழிற்சாலை ரோபோக்கள் பல, கற்பித்த புள்ளிக்கு 0.1 மில்லிமீற்றரிலும் குறைந்த வேறுபாட்டுடன் திரும்பத் திரும்ப வந்து சேர்கின்றன. விளம்பரக் கையேடுகளில் பெரும்பாலும் குறிப்பிடப்படும் எண்ணும் இதுவேயாகும்.

ஆனால் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வருவதும், சொன்ன இடத்துக்குச் சரியாக வருவதும் ஒன்றல்ல. கிரிக்கெட் பந்துவீச்சாளர் ஒருவர் ஓவரின் ஆறு பந்துகளையும் ஆடுகளத்தின் ஒரே இடத்தில் விழச் செய்கின்றார் என வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த இடம் அணித் தலைவர் கேட்ட இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கின்றது. அவரிடம் ஒழுங்கு உண்டு, இலக்கு இல்லை. ரோபோவின் நிலையும் இதுவே. கணினியில் எழுதப்பட்ட ஆள்கூற்றுக்குச் செல் என்று கட்டளையிட்டால், தனியாக அளவுத் திருத்தம் செய்யப்படாத கரம் ஒரு மில்லிமீற்றருக்கு மேலும் விலகி நிற்கக்கூடும். ரோபோக்களின் திறனை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 9283 என்னும் சர்வதேசத் தரநிலை இவ்விரு குணங்களையும் தனித்தனியே அளக்க வேண்டும் எனக் கூறுவதன் காரணமும் இதுவே.

உருக்கி ஒட்டும் வேலையில் இக்குறை வெளிப்படுவதில்லை. பயிற்றுநர் கரத்தைக் கையாற் பிடித்தோ கட்டுப்பாட்டுப் பலகை மூலமோ உரிய இடத்துக்குக் கொண்டு சென்று, "இந்த இடம்" எனப் பதிவு செய்துவிடுவார். அதன் பின்னர் தேவைப்படுவது ஒழுங்கு மட்டுமே. அச்சிடும்போது அவ்வாறு செய்ய இயலாது. பட்டையொன்றில் பல்லாயிரம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பாதை மாறுகின்றது. ரோபோ ஒருபோதும் சென்றிராத பாதையில் முதன்முறையாகச் சென்று, முந்திய பட்டையின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டியுள்ளது. அதன் புகழ்பெற்ற ஒழுங்கு இங்கே கைகொடுப்பதில்லை.

விலகல் எங்கிருந்து வருகின்றது?

ரோபோக் கரம் தோள், முழங்கை, மணிக்கட்டு என ஆறு மூட்டுகளைக் கொண்டது. ஒரு மூட்டின் கோணத்தில் 0.01 பாகை தவறு இருப்பின், இரண்டு மீற்றர் தொலைவில் அது 0.35 மில்லிமீற்றர் விலகலாக வளர்கின்றது. எமது தலையின் புள்ளி இடைவெளியோடு ஒப்பிட்டால் இது ஐந்து புள்ளிகளின் அகலம். இத்தகைய தவறுகள் ஆறு மூட்டுகளிலும் சேர்ந்து நிகழலாம்.

கரத்தின் எடையும் அச்சுத் தலையின் எடையும் அதனைச் சற்று வளைக்கின்றன. கரம் நீண்டிருக்கும்போதும் மடங்கியிருக்கும்போதும் இவ்வளைவு வேறுபடுகின்றது. பற்சக்கரங்களுக்கிடையிலுள்ள நுண்ணிய தளர்வு, மூட்டு திசை மாறும்போது வெளிப்படுகின்றது. வெப்பமும் தன் பங்கைச் செலுத்துகின்றது. ஒரு மீற்றர் நீளமான உருக்கு, வெப்பநிலை பத்துப் பாகை செல்சியஸ் உயரும்போது 0.12 மில்லிமீற்றர் நீள்கின்றது. அலுமினியம் எனில் 0.23 மில்லிமீற்றர். காலையில் சரியாக அச்சிட்ட ரோபோ, மோட்டர்கள் சூடேறிய நண்பகலில் தவறிழைப்பதில் வியப்பில்லை.

பொருளும் குற்றமற்றதன்று. வடிவமைப்பாளரின் கணினியிலுள்ள காரும் தொழிற்சாலையின் தளத்தில் வந்து நிற்கும் காரும் முற்றிலும் ஒன்றல்ல. தகடு சற்றுக் கூடுதலாக வளைந்திருக்கலாம். வண்டி சில மில்லிமீற்றர் முன்னோ பின்னோ நிறுத்தப்பட்டிருக்கலாம். ரோபோ தன் பாதையைக் கணினியிலுள்ள காருக்காக வகுத்திருக்க, மையோ தளத்திலுள்ள காரின் மீதே விழுகின்றது.

கேத்திரகணிதத்தின் தடை

இவற்றுக்கு மேலாக, எந்தப் பொறியியலாளராலும் அகற்ற முடியாத தடையொன்றும் உண்டு. ஜேர்மனியக் கணிதமேதை கவுஸ் 1827 இல் நிறுவிய தேற்றத்தின்படி, கோளத்தின் மேற்பரப்பை நீட்டாமலும் சுருக்காமலும் தட்டையாக்க முடியாது. தோடம்பழத் தோலை உரித்து மேசையில் பரப்ப முயன்ற எவரும் இதனை அனுபவத்தில் அறிவர். தோல் கிழிந்தே தீரும். உருளை வடிவான தகரப் பேணிக்கு இத்தொல்லை இல்லை. அதனைச் சுற்றியுள்ள தாளை விரித்தால் அது தட்டையாகிவிடும். ஆதலால் பேணியில் அச்சிடுவது இலகு, பந்தில் அச்சிடுவது கடினம்.

சுமார் 22 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உதைபந்தை எடுத்துக்கொள்வோம். 70 மில்லிமீற்றர் அகலமான தட்டையான அச்சுத் தலையின் மத்தி பந்திலிருந்து ஒரு மில்லிமீற்றர் தொலைவில் இருக்கும்போது, அதன் இரு ஓரங்களும் பந்திலிருந்து ஏறத்தாழ 6.7 மில்லிமீற்றர் விலகி நிற்கும். துளிகள் நேராகச் சென்று பதிவதற்கு உகந்த தொலைவு பொதுவாக ஓரிரு மில்லிமீற்றர்களே. அதற்கு அப்பால் காற்றின் தடையால் துளி வேகமிழந்து அலைகின்றது. எனவே பந்தில் தலையின் நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்த முடிகின்றது. பட்டைகள் ஒடுங்க, எல்லைகளின் எண்ணிக்கை கூடுகின்றது.

துளி பறக்கும் நேரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. துளியின் வேகம் செக்கனுக்கு 7 மீற்றர், தலையின் வேகம் செக்கனுக்கு அரை மீற்றர் எனக் கொள்வோம். தொலைவு ஒரு மில்லிமீற்றர் கூடினால் துளி 0.07 மில்லிமீற்றர் முன்தள்ளி விழும். அது முழுமையாக ஒரு புள்ளி இடைவெளி. ஓடும் பேரூந்திலிருந்து இறக்கப்படும் பொதி, இறக்கிய இடத்துக்கு நேரே விழாமல் முன்னோக்கி விழுவதை ஒத்தது இது. மேலும், தலை வளைவில் திரும்பும்போது ஓட்டப் பந்தயப் பாதையின் உட்சுற்றும் வெளிச்சுற்றும் போல, ஒரு முனையிலுள்ள துவாரங்கள் குறைந்த தூரத்தையும் மறுமுனையிலுள்ளவை கூடிய தூரத்தையும் கடக்கின்றன. அனைத்தும் ஒரே கணத்தில் துளியை விடுவித்தால் ஒரு பக்கம் மை செறிந்தும் மறுபக்கம் வெளிறியும் போகும்.

திருத்தத்தின் படிகள்

இவ்வாறான தவறுகளைக் களைவதற்கான வழிகள் ஒன்றன் பின் ஒன்றாக உருவாகியுள்ளன. அவற்றை ஐந்து படிகளாக நோக்கலாம்.

முதலாவது, ரோபோவை அதற்கே அறிமுகப்படுத்துதல். 1955 இல் டெனவிட், ஹார்ட்டன்பேர்க் ஆகிய இருவரும் மூட்டுகளால் இணைந்த உறுப்புகளின் நிலையை ஒவ்வொரு மூட்டுக்கும் நான்கு எண்களால் விபரிக்கும் முறையை வெளியிட்டனர். தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் கரத்தின் மெய்யான எண்கள் வரைபடத்திலுள்ள எண்களிலிருந்து சற்று வேறுபட்டிருக்கும். லேசர் ஒளியால் தூரத்தையும் கோணத்தையும் அளக்கும் பின்தொடர் கருவியைக் கொண்டு, கரத்தைப் பல நிலைகளில் நிறுத்தி அளந்து, இம்மெய்யான எண்கள் கணிக்கப்படுகின்றன. இவ்வளவுத் திருத்தத்தின் பின்னர் விலகல் ஒரு மில்லிமீற்றரின் சில பத்திலொரு பங்குகளாகக் குறைந்துவிடுவதுண்டு.

இரண்டாவது, பொருளை அளத்தல். கமராக்களாலும் லேசராலும் உண்மையான பொருளின் பரப்பு வருடப்பட்டு, இலட்சக்கணக்கான புள்ளிகளாகப் பதிவு செய்யப்படுகின்றது. அப்புள்ளித் திரளைக் கணினி மாதிரியோடு பொருத்துவதற்கு 1992 இல் பெஸ்ல், மக்கே ஆகியோர் விபரித்த முறை இன்றும் பெரிதும் கையாளப்படுகின்றது. ஒவ்வொரு புள்ளிக்கும் அருகிலுள்ள மாதிரிப் புள்ளியைத் தேடி, மொத்த விலகல் குறையுமாறு பொருளைச் சற்று நகர்த்தி, மீண்டும் தேடி, மீண்டும் நகர்த்திச் செல்வதே அம்முறையின் சாரமாகும். இக்கமரா ரோபோவின் கரத்தில் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் பொருத்தப்பட்டுள்ளது என்பதையும் தனியே கணிக்க வேண்டும். கையையும் கண்ணையும் இணைக்கும் இக்கணிப்புக்கு 1989 இல் சாய், லென்ஸ் ஆகியோர் முன்வைத்த முறை நன்கறியப்பட்டது.

மூன்றாவது, மணிக்கூட்டை விட்டு இடத்தைப் பின்பற்றுதல். ரோபோவின் கட்டுப்பாட்டுக் கணினி சில ஆயிரத்திலொரு செக்கன்களுக்கு ஒருமுறையே தன் நிலையை அறிவிக்கின்றது. நான்கு ஆயிரத்திலொரு செக்கனில், செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் செல்லும் தலை இரண்டு மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். அதற்கிடையில் 28 புள்ளிகள் பதிய வேண்டும். கரத்தின் வேகமோ வளைவுகளில் மாறிக்கொண்டே இருக்கின்றது. நேரத்தை எண்ணித் துளியை விடுவித்தால் வேகம் குறையும் இடத்தில் மை குவியும். எனவே தலை எங்கே உள்ளது என்பதை இடைக்கணிப்பு மூலமோ தனி உணரிகள் மூலமோ அறிந்து, ஒவ்வொரு துவாரத்துக்கும் உரிய இடம் வந்ததும் துளி விடுவிக்கப்படுகின்றது.

நான்காவது, அச்சிடும்போதே பார்த்தல். முதல் பட்டையோடு சேர்த்து அதன் ஓரத்தில் மெல்லிய வழிகாட்டிக் கோடொன்றும் அச்சிடப்படுகின்றது. சாதாரண ஒளியில் கண்ணுக்குத் தெரியாது, புறஊதா ஒளியில் மட்டும் ஒளிரும் மையையும் இதற்குப் பயன்படுத்தலாம். இரண்டாம் பட்டையை அச்சிடும்போது தலையோடு செல்லும் கமரா அக்கோட்டை நோக்குகின்றது. கோடு சற்று இடப்புறம் விலகினால் தலையும் இடப்புறம் நகர வேண்டும். பெரிய கரத்தால் இத்தகைய நுண்ணசைவை விரைந்து செய்ய இயலாது. ஆதலால் மணிக்கட்டுக்கும் தலைக்கும் இடையே சில மில்லிமீற்றர் மட்டும் நகரும் சிறிய, வேகமான இயங்கு தளமொன்று பொருத்தப்படுகின்றது. கரம் தன் போக்கில் அதிர்ந்தாலும், தளம் அவ்வதிர்வை எதிர்த்திசையில் நகர்ந்து ஈடுசெய்கின்றது.

ஐந்தாவது, எஞ்சிய தவறைக் கலைத்துவிடுதல். எத்தனை திருத்தினாலும் சிறு விலகல் எஞ்சவே செய்யும். இரு பட்டைகள் நேர்கோட்டில் முட்டி நின்றால் அது கோடாகக் கண்ணில் படும். எனவே எல்லையில் இரு பட்டைகளும் சற்றே மேற்படியுமாறு அமைத்து, அப்பகுதியிலுள்ள புள்ளிகளில் சிலவற்றை ஒரு பட்டையும் ஏனையவற்றை மற்றப் பட்டையும் ஒழுங்கற்ற முறையில் பகிர்ந்து அச்சிடுகின்றன. கண் நேர்கோட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வல்லது. சிதறிய புள்ளிகளை அது பொருட்படுத்துவதில்லை.

இந்த ஐந்து படிகளையும் சேர்த்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. ரோபோவின் கரத்தை மேலும் தடித்த இரும்பால் செய்து துல்லியத்தைப் பெற முயன்றால் செலவும் எடையும் கூடுமேயன்றி, தளத்திலுள்ள கார் தன் இடத்திலிருந்து விலகி நிற்பதை அது அறியப்போவதில்லை. பெரும் முன்னேற்றம் கிடைத்திருப்பது கரத்துக்குப் பார்வையைக் கொடுத்ததன் மூலமேயாகும். திருமண வீட்டில் மணமகளின் கையில் மருதோன்றி இடும் பெண்ணை நினைத்துப் பார்க்கலாம். அவரது விரல்கள் மில்லிமீற்றர் கணக்கில் அளந்து அசைவதில்லை. மணமகளின் கையும் அசையாமல் இருப்பதில்லை. எனினும் ஏற்கனவே இட்ட கோட்டை நோக்கியே அடுத்த கோடு இடப்படுவதால் கோலம் பிசகுவதில்லை. பள்ளிவாசல் குவிமாடத்தின் உட்புறத்தில் எழுத்தணி தீட்டுபவரும், கோபுரச் சிற்பங்களுக்கு வர்ணம் பூசுபவரும் கையாள்வது இதே வழியைத்தான்.

தொழிற்சாலையில் இன்றைய நிலை

இத்தொழில்நுட்பம் ஆய்வுகூடத்தைத் தாண்டிவிட்டது. 2022 இல் ஏபிபி நிறுவனத்தின் இரு ரோபோக்கள், இந்தியாவைச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுவன் வரைந்த சித்திரத்தையும் டுபாயிலுள்ள வடிவமைப்புக் குழுவொன்றின் கேத்திரகணித வடிவங்களையும் அரை மணி நேரத்துக்குள் காரொன்றின் மீது அச்சிட்டுக் காட்டின. அத்தலையில் தனித்தனியே கட்டுப்படுத்தக்கூடிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட துவாரங்கள் இருந்தன. ஜேர்மனியின் டூர் நிறுவனம் வர்ணத்தைத் தூவாமல் மெல்லிய இணைத் தாரைகளாகக் காரின் கூரையில் இடும் முறையை உருவாக்கியுள்ளது. அம்முறையிலும் ஒவ்வொரு காரின் நிலையும் முதலில் அளக்கப்பட்டே ரோபோவின் பாதை திருத்தப்படுகின்றது.

படம் வரைவது மட்டும் இதன் நோக்கமெனில் இத்தனை முதலீடு தேவைப்பட்டிராது. வழமையான முறையில் வர்ணம் புகையாகத் தூவப்படுகின்றது. அதில் ஒரு பங்கு காரில் படியாமல் காற்றோடு சென்று வடிகட்டிகளில் சேர்கின்றது. அக்காற்றை வெளியேற்றவும், புதிய காற்றை உரிய வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் உள்ளே செலுத்தவும் பெருமளவு சக்தி செலவாகின்றது. கார்த் தொழிற்சாலையில் அதிக சக்தியை விழுங்கும் பகுதிகளுள் வர்ணம் பூசும் பகுதி முதன்மையானது. இரு வர்ணக் கார் எனில், ஒரு வர்ணம் பூசிய பின்னர் தொழிலாளர்கள் மெல்லிய தாளாலும் ஒட்டு நாடாவாலும் அதனைக் கையால் மூடி, காரை மீண்டும் அதே வரிசையில் அனுப்ப வேண்டும். பின்னர் அத்தாளும் நாடாவும் குப்பையாகின்றன. துளி சரியான இடத்தில் மட்டும் விழுமானால் மூடவும் வேண்டியதில்லை, வீணாகவும் வேண்டியதில்லை. ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு துல்லியத்தின் பெறுமதி இங்குதான் தெளிவாகின்றது. வர்ணம் சிறிதும் வீணாவதில்லை என நிறுவனங்கள் கூறுவது பூசும் கணத்துக்கே பொருந்தும். தலையைக் கழுவுவதற்கும் வர்ணம் மாற்றுவதற்கும் செலவாகும் மையையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

தொழிலாளரின் நிலை

இதிலுள்ள மனிதப் பக்கத்தை ஒதுக்கிவிட முடியாது. வாகனங்களுக்கும் விமானங்களுக்கும் பூசப்படும் கடினமான வர்ணங்கள் பலவற்றில் ஐசோசயனேற்று எனப்படும் இரசாயனங்கள் உள்ளன. தகுந்த பாதுகாப்பின்றி அவற்றைச் சுவாசிப்போருக்கு ஆஸ்துமா நோய் ஏற்படுவது மருத்துவ உலகு நன்கறிந்த உண்மை. விமானங்களின் அடிப்பூச்சில் நீண்டகாலமாகப் பயன்பட்டு வந்துள்ள குரோமேற்றுச் சேர்மங்கள் புற்றுநோயை உண்டாக்க வல்லவை. உயரமான சாரங்களில் நின்று, முகமூடியணிந்து, நாட்கணக்கில் வர்ணம் தூவும் வேலையை மனிதனிடமிருந்து இயந்திரம் எடுத்துக்கொள்வதை எவரும் குறைகூற முடியாது.

எனினும் அவ்வேலையே அவனது அடுப்பை எரித்தது என்பதும் உண்மை. இம்மாற்றத்தின் சாயலை நாமும் கண்டிருக்கின்றோம். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்த அச்சுக்கோப்பாளர்கள் கணினியின் வருகையோடு எமது அச்சகங்களிலிருந்து மறைந்தனர். கடைத்தெருக்களில் ஏணி வைத்துப் பெயர்ப்பலகை எழுதிய ஓவியர்களின் இடத்தை டிஜிட்டல் பதாகைகள் பிடித்துக்கொண்டன. அவர்களுள் புதிய கருவிகளைக் கற்றுக்கொள்ள வாய்ப்புக் கிடைத்தோர் தப்பினர். கிடைக்காதோரைப் பற்றி யாரும் கணக்கெடுக்கவில்லை. ரோபோவின் பாதையை ஆயத்தம் செய்யவும், அளவுத் திருத்தத்தை மேற்கொள்ளவும், அச்சிட்ட பரப்பைச் சோதித்துக் குறை கண்டறியவும் மனிதர்கள் தேவைப்படுகின்றனர். வர்ணம் எங்கே வழியும், எந்த வளைவில் வெளிறும் என்பதைப் பல வருட அனுபவத்தால் அறிந்த பழைய தொழிலாளியை விட இதற்குப் பொருத்தமானவர் வேறு யாராக இருக்க முடியும்? அவருக்குக் கணினியைக் கற்பிக்கும் செலவையும் புதிய இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே முதலாளிமார் கணக்கிட வேண்டும். அவரை வெளியேற்றிவிட்டு வர்ணத்தைப் பற்றி ஏதுமறியாத ஒருவரைத் திரையின் முன் அமர்த்துவது அறிவுடைமையாகாது.

ரோபோ தன் ஒழுங்கை மட்டும் நம்பியிருந்தவரை வளைந்த பரப்பில் அதன் பட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. தான் இட்ட கோட்டைத் தானே திரும்பிப் பார்த்துத் திருத்தத் தொடங்கிய பின்னரே அதற்கு அது கைகூடியது. அச்சு இயந்திரத்தின் அருகே உருப்பெருக்குக் கண்ணாடியோடு நிற்கும் எமது ஊழியர் இதனை நெடுங்காலமாகச் செய்து வருகின்றார். அவரது பணியின் பெறுமதியை இயந்திரங்கள் இப்போதுதான் உணரத் தலைப்பட்டுள்ளன. அவற்றை இயக்குவோரும் அதனை உணர்வது அவசியமாகும்.